வெறுந்தராசைத் தட்டிப் பார்

கண்ணு, போன வாரம் நீ போனில் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. ஆய்வுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது, பாக்டீரியா நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்டுகளை ஒப்பிடப் போகிறேன் என்றாய். கிராம் ஸ்டெயின், கல்ச்சர், சிறுநீர் ஆன்டிஜென், பிசிஆர் என்று நாலையும் அடுக்கிவிட்டு, "இதில் எது பெரியம்மா ஜெயிக்கும்?" என்று சிரித்தாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். உன் வயதில் நானும் அதே கேள்வியைக் கேட்டு, எனக்குப் பிடித்த பதிலையும் முன்கூட்டியே மடியில் கட்டிக்கொண்டு, இரண்டு வருடம் வீணாக்கியவள். அதைப் போனில் சொல்லி முடியாது.

உன் தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தது உனக்கு நினைவிருக்காது. காலையில் கடை திறந்ததும், முதல் சரக்கை நிறுக்கும் முன்னால், வெறுந்தராசைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டுவார். முள் நடுவில் வந்து நிற்கும் வரை பேசமாட்டார். கடையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைச் செய்வார். ஒப்பிடுகிற வேலை எல்லாமே தராசு பிடிக்கிற வேலைதான். 36 வருடம் ஆய்வகத்தில் உட்கார்ந்து, என் முள் சாய்ந்த இடங்களை வைத்து உனக்கு எழுதுகிறேன்.

1. எது ஜெயிக்கும் என்று கேட்காதே. ஒவ்வொரு டெஸ்ட்டும் தனக்குத் தெரிந்த கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இந்தச் சளியில் இப்போது கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதைக் கிராம் ஸ்டெயின் சொல்லும். அதில் உயிரோடு இருந்து, நம் தட்டில் வளரச் சம்மதித்தது எது என்பதைக் கல்ச்சர் சொல்லும். எந்த மருந்துக்கு அடங்கும் என்பதையும் அதைத்தான் கேட்க வேண்டும். நிமோகாக்கஸ் கிருமியின் சுவரிலுள்ள சர்க்கரை உடம்பில் சுற்றுகிறதா என்று சிறுநீர் ஆன்டிஜென் 15 நிமிடத்தில் சொல்லும். நோய் தீர்ந்து சில வாரம் ஆன பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். மரபணு இருக்கிறது என்று பிசிஆர் சொல்லும். அது உயிருள்ளதா செத்ததா, நோய் செய்ததா சும்மா தங்கியிருந்ததா என்பது அதற்குத் தெரியாது. எக்ஸ்ரே நிழலைக் காட்டும், நிழலுக்குப் பெயர் சொல்லாது. நாலு பேரிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு, யார் பொய் சொன்னது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். நீ முதலில் உன் கேள்வியை ஒரே வரியில் எழுதி மேசை மேல் ஒட்டு.

2. சளியை நீயே போய் வாங்கு. முதல் வருடத்தில், வருகிற கிண்ணத்தையெல்லாம் தட்டில் இழுத்து, மறுநாள் "வாயில் வழக்கமாக இருக்கும் கிருமிகள்" என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வார்டு சிஸ்டர் கேட்டார்: "கிண்ணத்தைக் கொடுத்தீங்களே, எப்படி இருமணும்னு அந்தத் தாத்தாகிட்ட யாராவது சொன்னீங்களா?" யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் மரியாதையாகத் துப்பிக் கொடுத்திருந்தார். அன்றைக்கு அவரை எழுப்பி உட்காரவைத்து, வாய் கொப்பளிக்கச் சொல்லி, மூச்சை ஆழ இழுத்து நெஞ்சிலிருந்து இருமச் சொன்னோம். துருப் பிடித்த நிறத்தில் ஒரு சிறு கட்டி வந்தது. அதில் நிமோகாக்கஸ் இருந்தது. சிறிய லென்ஸில் ஒரு பார்வைப் பரப்புக்குச் செதிள் செல் 10க்குக் கீழும், சீழ் செல் 25க்கு மேலும் இருந்தால் அது நெஞ்சுச் சளி என்று நம்பு. செதிள் செல் மண்டிக் கிடந்தால் அது எச்சில். திருப்பி அனுப்பி வேறு கேள். இரத்தத்தில் வெள்ளணு குறைந்துபோன நோயாளிக்கு மட்டும் இந்தச் சீழ்க் கணக்கைப் பிடிக்காதே. அவர் உடம்பில் சீழ் எங்கிருந்து வரும்? எச்சிலில் நாலு டெஸ்ட் செய்து ஒப்பிட்டால், நாலு விதமாக எச்சிலைத்தான் அளந்திருப்பாய்.

3. நேரத்தை எழுதி வை. சளி எடுத்த நேரம், ஆய்வகத்துக்கு வந்த நேரம், முதல் ஆன்டிபயாடிக் போட்ட நேரம், இந்த மூன்றும் இல்லாத தாள் உனக்குத் தாளே இல்லை. நிமோகாக்கஸ் நோஞ்சான் கிருமி. தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு; ஒரு வேளை மருந்து உள்ளே போனாலும் கல்ச்சரில் வராமல் போகும். ஒரு சிறுவனின் ஸ்லைடில் வேல்முனை மாதிரி இரட்டை இரட்டையாக நிமோகாக்கஸ் நிரம்பிக் கிடந்தது, தட்டு காலி. "கிராம் தவறாகக் காட்டியது" என்று என் நோட்டில் பதிந்தேன். ஊர் கிளினிக்கில் முந்தின நாளே ஊசி போட்டிருந்ததை அவன் அம்மா சொன்னது பத்து நாள் கழித்து. நிரபராதிக்குத் தண்டனை எழுதிய கை இது. ஆகவே, "இங்கே வருவதற்கு முன்னால் எங்கே காட்டினீர்கள்?" என்று கேட்டுப் பழகு. அதட்டிக் கேட்டால் இல்லை என்பார்கள்; பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் மருந்துச் சீட்டையே எடுத்துத் தருவார்கள்.

4. கிராமின் பணிவைக் கற்றுக்கொள். 1884இல் பெர்லினில், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலில் கிருமியைத் திசுவிலிருந்து பிரித்துப் பார்க்கத்தான் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் அந்தச் சாயமுறையைக் கண்டுபிடித்தார். இன்று உலகமெல்லாம் எல்லாக் கிருமிக்கும் போடுகிற சாயம் பிறந்தது நம் நோயின் வாசலில். சில கிருமிகள் சாயத்தை விட்டுவிடுகின்றன என்பதை அவர் மறைக்கவில்லை. முறையில் குறை இருக்கிறது, மற்றவர்கள் கையில் இது பயன்படட்டும் என்ற பொருளில் எழுதி வெளியிட்டார். நாம் போடும் சேஃப்ரனின் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. அவருக்கு இடம் கொடுத்த ஃப்ரீட்லேண்டருக்கும், ஃப்ரேங்கலுக்கும் அதே காலத்தில் பெரிய சச்சரவு: நிமோனியாவுக்குக் காரணம் எந்தக் கிருமி என்று. ஒருவர் கண்டதை இன்று கிளெப்சியெல்லா என்கிறோம், மற்றவர் கண்டது நிமோகாக்கஸ். இரண்டுமே நிமோனியா உண்டாக்கும். நான் கண்டது மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிற இடத்தில் சண்டை தொடங்குகிறது. குறையைச் சொல்லிவிட்டுப் போனவரின் பெயர் 140 வருடமாக நம் வாயில் இருக்கிறது.

5. தினமும் வெறுந்தராசைத் தட்டு. நோயாளியின் ஸ்லைடு பக்கத்தில், தெரிந்த ஸ்டஃபிலோகாக்கஸும் தெரிந்த ஈ.கோலையும் பூசிய ஒரு ஸ்லைடையும் சேர்த்துச் சாயம் போடு. முதலாவது ஊதாவாகவும் இரண்டாவது சிவப்பாகவும் வந்தால்தான் மற்றதைப் பார். ஒருமுறை எங்களுக்கு வந்த புது அசிட்டோன் நிறத்தை வேகமாக இழுத்தது. நான் பழைய கணக்கிலேயே வாய்க்குள் எண்ணிக்கொண்டு ஊற்றினேன். ஊதாவாக நிற்க வேண்டிய நிமோகாக்கஸ் எல்லாம் சிவந்துபோய், நாலு பேருக்கு "கிராம் நெகட்டிவ் காக்கஸ்" என்று ரிப்போர்ட் போயிற்று. மறுநாள் தட்டுகளைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. வார்டுக்கு நடந்து போய், "நேற்று நான் சொன்னது தப்பு" என்று நாலு டாக்டரிடம் சொன்னேன். முதல் ஆளிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அன்றைக்குத் தவறியது டெஸ்ட் இல்லை, நான். இந்த இரண்டையும் பிரித்து எழுதத் தெரியாதவர் எந்த டெஸ்ட்டையும் ஒப்பிட முடியாது.

6. கண்ணைக் கட்டிக்கொள். கல்ச்சரில் கிளெப்சியெல்லா வந்த பிறகு பழைய ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். நேற்றுத் தெரியாத தடித்த கோல்கள் இன்று எல்லா மூலையிலும் தெரிந்தன! "ஸ்லைடிலும் உண்டு, கல்ச்சரிலும் உண்டு, இரண்டும் ஒத்துப்போகின்றன" என்று சந்தோஷமாக எழுதினேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவேயில்லை. ஆசை என் கண்ணில் உட்கார்ந்து பார்த்தது. அதனால் ஸ்லைடில் பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும். கல்ச்சர் படிப்பவர் ஒருவர், ஸ்லைடு படிப்பவர் வேறொருவர். எக்ஸ்ரேயும் அப்படித்தான், ஒரே படத்தில் ஒரு டாக்டர் நிமோனியா என்பார், இன்னொருவர் இல்லை என்பார். இரண்டு பேரைத் தனித்தனியே படிக்கவைத்து, எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காப்பா கணக்குப் போடு. நம்மை நாமே நம்பாமலிருக்க வழி செய்துகொள்வது, நேர்மையில் பெரிய பங்கு.

7. எதையும் பொன் என்று சொல்லாதே. ஒன்றை அசல் என்று வைத்தால்தானே மற்றதை உரசிப் பார்க்க முடியும்? நிமோனியாவில் அந்த உரைகல் கிடையாது. நுரையீரலுக்குள் ஊசி செலுத்தி எடுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் செய்யக்கூடியதில்லை. இரத்தக் கல்ச்சரில் நிமோகாக்கஸ் வந்தால் நம்பலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களிலேயே ஏறக்குறைய 100க்கு 5 முதல் 15 பேருக்குத்தான் ஏதாவது கிருமி வரும். சளிக் கல்ச்சரை அசலாக வைத்தால், அது தவறவிட்டதைப் பிசிஆர் பிடிக்கும்போதெல்லாம் பிசிஆருக்குப் பொய்யன் பட்டம் விழும். பல டெஸ்ட்டைச் சேர்த்து ஓர் அளவுகோல் செய்யலாம். ஆனால் நீ சோதிக்கிற டெஸ்ட்டையே அதற்குள் நுழைத்துவிடாதே, அது தனக்குத் தானே சாட்சி சொன்ன கதையாகும். ஒத்துப்போகாதவற்றை மட்டும் மறுபடி சோதித்துத் திருத்துவதும் அப்படித்தான். ஒத்துப்போனவற்றில் தப்பே இல்லை என்று உனக்கு யார் சொன்னது? எந்த டெஸ்ட்டையும் அசலாக வைக்காமல் கணிக்கும் வழிகளும் புள்ளியியலில் உண்டு. புள்ளியியல்காரர்களிடம் ஆய்வு தொடங்கும் முன்னாலேயே போ. நான் முடித்துவிட்டுப் போனேன். பிரேதப் பரிசோதனைதான் செய்து கொடுத்தார்கள்.

8. வீட்டில் இருப்பவனெல்லாம் திருடன் இல்லை. நல்லாயிருக்கிற குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் நிமோகாக்கஸ் குடியிருக்கும், ஒரு தும்மல்கூடத் தராமல். பிசிஆர் அதையும் பிடித்துக் கொடுக்கும். குழந்தைகளில் சிறுநீர் ஆன்டிஜென் இந்தக் காரணத்தாலேயே ஏமாற்றும். பெர்ச் என்ற ஆய்வு ஏழு நாடுகளில் நடந்து 2019இல் வெளியானது. கடும் நிமோனியா வந்த 4,232 குழந்தைகளோடு, அந்த நோய் இல்லாத 5,119 குழந்தைகளையும் சோதித்தார்கள். இரண்டாவது கூட்டம் எதற்கு என்று யோசி. கிருமி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. நோயில்லாதவர்களைவிட நோயாளிகளிடம் எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்று பார்க்கவேண்டும். நீயும் நோயில்லாத கொஞ்சம் பேரைச் சேர்த்துக்கொள். நான் சேர்க்கவில்லை. என் முதல் ஆய்வில் குடித்தனக்காரனையெல்லாம் பிடித்து உள்ளே போட்டிருந்தேன்.

9. சுலபமான நோயாளிகளைப் பொறுக்காதே. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சு வாங்கிக் கிடப்பவரையும், காய்ச்சலே இல்லாதவரையும் மட்டும் எடுத்து ஒப்பிட்டால் எந்த டெஸ்ட்டும் கெட்டிக்கார டெஸ்ட்தான். பட்டப் பகலையும் நள்ளிரவையும் பிரிக்கக் கண்ணாடி தேவையா? அந்திதான் சிரமம். இருமலோடு வருகிற, ஆஸ்துமாவா இதயமா நிமோனியாவா என்று டாக்டரே தயங்குகிற ஆட்களிடம்தான் டெஸ்ட்டுக்கு வேலை. அதனால் சந்தேகத்தோடு வருகிறவர்களை வந்த வரிசையிலேயே சேர். ஞாயிற்றுக்கிழமை வருபவரையும் இரவில் வருபவரையும் விட்டுவிடாதே. நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது, இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டது என்ற இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல். ஒன்றை மட்டும் சொல்வது ஒரு தட்டை மட்டும் காட்டி வியாபாரம் செய்வது.

10. "கிடைக்கவில்லை" என்று எழுதக் கூச்சப்படாதே. என் முதல் அட்டவணையில் ஒன்றும் கிடைக்காத நோயாளிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன், அவலட்சணமாக இருந்தது. அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பெரியவர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2015இல் வந்தது. எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்த 2,259 பேரைக் கல்ச்சர், ஆன்டிஜென், பிசிஆர் என்று எல்லா வழியிலும் துருவியும் 62 சதவீதம் பேருக்குக் கிருமி எதுவும் அகப்படவில்லை. அதை மறைக்காமல் முன்னால் வைத்தார்கள். அத்தனை வசதி உள்ளவர்களுக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு? டெஸ்ட் ஒப்பீடுகளை எப்படி எழுதவேண்டும் என்று ஸ்டார்ட் என்றொரு நெறிமுறை உண்டு. 2015 பதிப்பில் 30 அம்சங்கள். எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனை பேர் எந்தக் காரணத்தால் உதிர்ந்தார்கள் என்று படம் போடச் சொல்கிறது. எழுதி முடித்த பிறகு சரிபார்க்கிற பட்டியலாக அதை வைத்துக்கொள்ளாதே. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்னால் படி.

11. குப்பை என்று எறியும் முன் ஒருநாள் பொறு. ஐப்பசி மழை முடிந்த சமயம். சர்க்கரை நோய் உள்ள ஒரு விவசாயி, சேற்றில் நடவு முடித்துவிட்டு வந்து படுத்தவர். சளித் தட்டில் 24 மணி நேரத்தில் பொடிப் பொடியாக ஏதோ வளர்ந்தது. "சூடோமோனாஸ் வகை, கலப்படமாக இருக்கலாம்" என்று எழுதிவிட்டுத் தட்டைக் கழிவில் போட்டேன். மூன்று வாரத்தில் அதே காய்ச்சலோடு திரும்பி வந்தார். இந்த முறை இரத்தத்திலும் வந்தது. ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல், கோ-அமாக்ஸிக்ளேவுக்கு அடங்கியது. நாட்பட நாட்படத் தட்டில் சுருக்கம் விழுந்தது. மெலியாய்டோசிஸ், மண்ணிலிருந்து வரும் நோய்! அவர் பிழைத்தார், அந்த மூன்று வாரத்தை நான் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நம் ஊர் மண்ணிலும் தண்ணீரிலும் என்ன இருக்கிறதென்று வெளிநாட்டுக் கிட்டுக்குத் தெரியாது, உனக்குத் தெரியவேண்டும். சந்தேகம் வந்தால் அந்தத் தட்டைத் திறந்த மேசையில் முகர்ந்து பார்க்காதே, பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துத் திற. காசநோயையும் மறந்துவிடாதே. நிமோனியா என்று நினைத்துக் கொடுக்கும் லெவோஃப்ளாக்சசின் மாதிரி மருந்தில் காசமும் கொஞ்ச நாள் பதுங்கும். தேறிவிட்டார் என்று நாம் ஏமாந்துபோவோம்.

12. யாருக்காக அளக்கிறாய் என்பதை மறக்காதே. இரத்தக் கல்ச்சர் சரியாக வரவேண்டுமென்று பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி எடுக்கச் சொல்கிறோம். அது ஒருவர் கையை நீட்டிக் கொடுக்கிற இரத்தம். நிமோனியா நோயாளி நம் தட்டு வளரும் வரை காத்திருக்கமாட்டார். டாக்டர் ஊகத்தில் மருந்தைத் தொடங்கித்தான் ஆகவேண்டும். அந்த மருந்தைச் சுருக்கவோ மாற்றவோ உதவும் நேரத்தில் நம் பதில் போய்ச் சேரவேண்டும். ஒருமுறை மிகச் சரியான ஒரு ரிப்போர்ட்டைக் கையெழுத்திட்டு அனுப்பினேன். கட்டில் காலியாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. எதனால் காலி என்று கடைநிலை ஊழியர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். அதற்குப் பிறகு பாசிட்டிவ் என்றால் தாள் போவதற்கு முன்னால் போன் போகும். உன் அட்டவணையிலும் இரண்டு பத்தி கூடுதலாகப் போடு: பதில் எத்தனை மணி நேரத்தில் போனது, நோயாளிக்கு என்ன செலவு ஆனது. துல்லியத்தை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

இவ்வளவுதான் கண்ணு. இதில் பாதியை நீ படித்ததும் மறந்துவிடுவாய்; தவறு செய்கிற அன்றைக்குத் தானாக நினைவு வரும். நானும் அப்படித்தான் கற்றேன்.

பொங்கலுக்கு வரும்போது உன் முதல் 20 ஸ்லைடை எடுத்துக்கொண்டு வா. என் பழைய மைக்ரோஸ்கோப்பைத் துடைத்து வைத்திருக்கிறேன், ஆயில்தான் வாங்கவேண்டும். நீயும் நானும் தனித்தனியாகப் படித்து எழுதிவிட்டு, பிறகு தாளை மாற்றிக்கொள்வோம். பெயரை மறைத்துக் கொண்டுவா. கல்ச்சர் என்ன சொன்னது என்று நான் எவ்வளவு கெஞ்சினாலும் சொல்லாதே.